செய்தியின் அறிவிப்பாளர் யார்?

வியாழக்கிழமை ஒன்றில், அஸர் தொழுகைக்குச் சற்று முன்பாக, மதரஸாவில் இப்னு ஹஜர் அஸ்கலானீ (ரஹ்) அவர்களின் ‘நுக்பத்துல் ஃபிக்ர்’ பாடம் நடந்துகொண்டிருந்தது. ஹதீஸ் கலை பயிலும் மாணவர்க்கு அது கையேடு போன்றதொரு சிறு நூல். அன்றைய பாடம் பெயர் மறைக்கப்பட்ட அறிவிப்பாளரைப் பற்றியது. ‘ஒரு மனிதர் எனக்குச் சொன்னார்’ என்று ஒருவர் அறிவிப்பாரானால், அந்த மனிதர் யார், நேர்மையாளரா, நினைவாற்றல் உள்ளவரா என்று அறிய வழியில்லை. ஆகவே அத்தகைய அறிவிப்பை ‘முப்ஹம்’ எனப் பெயரிட்டு, அதன்மேல் எந்தச் சட்டத்தையும் எழுப்பாமல் ஒதுக்கி வைத்தார்கள் நம் முன்னோர். இதனை விளக்கிக்கொண்டிருந்தபோது, முன்வரிசையில் இருந்த பேர்ணாம்பட்டு மாணவர் ஒருவர் தம் கிதாபினுள் மடித்து வைத்திருந்த நாளேட்டுத் துண்டொன்றை எடுத்து நீட்டினார்.

“ஹஜ்ரத், இதில் ராவி யார்?”

வாங்கிப் படித்தேன். வடபுலத்து நகரமொன்றில் நான்கு இளைஞர்கள் கைதான செய்தி அது. அவர்கள் பெரியதொரு நாசவேலைக்குத் திட்டம் தீட்டினார்கள் என்பது முதற் பத்தியிலேயே முடிந்த முடிபாக எழுதப்பட்டிருந்தது. அதைச் சொன்னவர் யார் என்று தேடினால், ஓரிடத்தில் ‘புலனாய்வு வட்டாரங்கள்’, இன்னோரிடத்தில் ‘நம்பத்தகுந்த வட்டாரங்கள்’, மூன்றாமிடத்தில் ‘அதிர்ச்சித் தகவல் வெளியாகியுள்ளது’. தகவல் தானாகவே கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிட்டதாம்! பெயர் சொல்லிப் பேசிய அதிகாரி ஒருவருமில்லை. கைதானவர்களின் வழக்கறிஞர் இல்லை, வீட்டார் இல்லை. ஆனால் நான்கு இளைஞர்களின் பெயர், தந்தை பெயர், தெருப்பெயர், படித்த மதரஸாவின் பெயர் யாவும் இருந்தன. சொன்னவருக்குப் பெயரில்லை, சொல்லப்பட்டவருக்கு முகவரி முதற்கொண்டு உண்டு.

நான் அந்த இளைஞர்கள் குற்றமற்றவர்கள் என்று சொல்ல வரவில்லை. அவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது. அச்செய்தியை எழுதியவருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை என்பதையே சொல்கிறேன். அரசியலின் பேராலும் மதத்தின் பேராலும் நிகழும் தீவிரச் செயல்களை நம் நாட்டுச் செய்தி ஏடுகளும் தொலைக்காட்சிகளும் எடுத்துரைக்கும் முறை பற்றி நெடுநாளாக மனத்தில் கிடந்தவற்றை எழுதத் துணிந்தேன். அந்த மாணவருடைய கேள்வியே இதற்கு முதற்காரணம்.

திருமறையின் ‘அல்ஹுஜுராத்’ அத்தியாயத்தின் ஆறாம் வசனம், தீயவன் ஒருவன் செய்தி கொண்டுவந்தால் அதைத் தீர விசாரிக்குமாறு பணிக்கிறது என்பதை வாசகர் அறிவர். அங்கே செய்திக்கு ஆளப்பட்ட சொல் ‘நபஉ’ என்பது. ‘கபர்’ என்பது எந்தச் செய்திக்கும் பொதுப்பெயர். ‘நபஉ’ என்பதோ பெரும் பயனும் விளைவும் உடைய செய்தி என்று இமாம் ராகிப் அல்இஸ்ஃபஹானீ தம் சொற்பொருள் நூலில் வேறுபடுத்துவார். விசாரியுங்கள் என்னும் கட்டளைக்கோ இரண்டு ஓதல் முறைகள் உள்ளன. பெரும்பாலோர் ஓதுவது ‘ஃபதபய்யனூ’: தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள் என்பது பொருள். ஹம்ஸா, கிஸாயீ ஆகியோர் ஓதியது ‘ஃபததப்பதூ’: பதறாது நிலைத்து நில்லுங்கள் என்பது பொருள். ஒன்று அறிவுக்கு இடப்பட்ட கட்டளை. மற்றொன்று அவசரத்துக்கு இடப்பட்ட கடிவாளம். அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துப் பின்னர் வருந்த நேரிடும் என்பதே அங்குக் கூறப்படும் காரணம். இக்காலத்துத் தொலைக்காட்சியில் ஒவ்வொரு கால் மணிக்கும் ‘சற்றுமுன்’ என்று சிவப்பெழுத்து ஓடுகிறது. அந்த இரண்டாம் ஓதலை அங்கே யார் நினைக்கப் போகிறார்கள்?

நம் ஹதீஸ் அறிஞர்களின் நுட்பம் ஒன்றைக் கேளுங்கள். ஓர் அறிவிப்பில் ஐயமிருந்தால், ‘அவர் சொன்னார்’ என்று எழுதாமல் ‘சொல்லப்படுகிறது’ என்று செயப்பாட்டு வினையில் எழுதுவார்கள். இமாம் புகாரீ (ரஹ்) அவர்களின் நூலிலேயே இந்நடையைக் காணலாம். இதற்கு ‘தம்ரீள்’ என்று பெயர். செய்தி நோயுற்றிருக்கிறது என்பதற்கு அறிகுறி. நம் நாளேட்டுத் தமிழிலும் ‘கூறப்படுகிறது’, ‘தெரிகிறது’, ‘நம்பப்படுகிறது’ என்ற வினைகள் நிறைய உண்டு. ஆனால் அங்கே அவை நோயின் அறிகுறியல்ல, சுடச்சுட வந்த செய்தி என்பதற்கு முத்திரை. இமாமவர்கள் ஐயத்தை ஒப்புக்கொள்ள ஆண்ட இலக்கணத்தை, இவர்கள் ஐயத்தை மறைக்க ஆளுகிறார்கள்.

நிற்க. முஸ்லிம்களின் விஷயத்தில் மட்டும்தான் ஏடுகள் இப்படி நடக்கின்றன என்று நம்மவர் பலர் எண்ணுவது முழு உண்மையன்று. எனக்குப் பத்து வயது இருக்கும்போது, 1980 ஆகஸ்ட் 6ஆம் நாள், திருப்பத்தூர்ப் பகுதியில் இன்ஸ்பெக்டர் பழனிச்சாமியும் காவலர் மூவரும் குண்டுவீச்சில் கொல்லப்பட்டனர். வீசியவர் நக்சலைட் இயக்கத்தவர். மறுநாள் வாணியம்பாடியில் டேனரி வாசலை ஒட்டிய டீக்கடையில் என் தந்தையார் நாளேட்டை உரக்கப் படிக்க, தோல் சுமப்பவர்களும் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை செய்பவர்களும் நின்று கேட்ட காட்சி கண்ணில் நிற்கிறது. அன்று ஏடுகள் ஆண்ட சொல் ‘நக்சலைட்’. மேற்கு வங்கத்தில் 1967இல் உழவர் கிளர்ச்சி நடந்த நக்சல்பாரி என்னும் சிற்றூரின் பெயரால் வந்த சொல் அது. குண்டு வீசியவரின் மதம் எது என்று டீக்கடையில் எவரும் கேட்கவில்லை, ஏட்டிலும் எழுதப்படவில்லை. அவருடைய மதத்தைச் சேர்ந்தவர்கள் கூடிக் கண்டனத் தீர்மானம் போட வேண்டுமென்று எவரும் எதிர்பார்க்கவுமில்லை. செயலும் அதற்குக் காரணமான கொள்கையும் பெயர் பெற்றன, மற்றவை விடுபட்டன. இது சரியான முறையே.

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. அதன்பின் வால்டர் தேவாரம் அவர்களின் தலைமையில் வட ஆர்க்காடு, தருமபுரி மாவட்டங்களில் நக்சலைட் வேட்டை நடந்தது. இளைஞர்கள் அடுத்தடுத்து ‘மோதலில்’ மாண்டதாகச் செய்திகள் வந்தன. மோதல் என்றால் இருபுறமும் மோத வேண்டும். இறந்தவர் பேச மாட்டார். உடனிருந்த மூன்றாமவர் எவருமிலர். காவல்துறை ஒன்றே அறிவிப்பாளர். அந்த ஓர் அறிவிப்பை ஏடுகள் சொல் மாறாமல் அச்சிட்டன. குடியுரிமை இயக்கத்தினர் சென்று விசாரித்து எழுப்பிய கேள்விகளை எத்தனை பேர் படித்தார்கள்? ஆகவே பெயரிடுவதில் நேர்மையாக இருந்த ஏடுகளே, அறிவிப்பாளரை ஆராய்வதில் அன்றும் தவறின. இந்நோய் பழையது. நமக்கு வரும்போது மட்டும் அது இரட்டிப்பாக வருகிறது. சொன்னவர் யாரென்பதும் தெரிவதில்லை. பெயரிடுதலும் செயலை விட்டுச் சமயத்தின் மேல் தாவிவிடுகிறது.

2015 ஜூனில் ஆம்பூரில் நடந்ததை எடுத்துக்கொள்வோம். காணாமற்போன பெண் ஒருவரைத் தேடும் வழக்கில் பள்ளிகொண்டா காவல் நிலையத்தாரால் விசாரிக்கப்பட்ட ஆம்பூர் இளைஞர் ஒருவர், பின்னர் மருத்துவமனையில் உயிரிழந்தார். காவலில் வைத்து அடித்ததே காரணம் என்று குடும்பத்தார் முறையிட்டனர். ஜூன் 27ஆம் நாள் இரவு கூடிய கூட்டம் கல்லெறிந்தது, வாகனங்களைக் கொளுத்தியது, சென்னை பெங்களூர் நெடுஞ்சாலை மறிக்கப்பட்டது, பெண் காவலர்கள் உள்ளிட்ட பலர் காயமுற்றனர். நோன்பு மாதத்து இரவு அது. அந்தக் கூட்டம் செய்ததற்கு மார்க்கத்தில் எந்த ஆதாரமும் இல்லை; தன் கடமையைச் செய்ய நின்ற ஒரு பெண் காவலரின் தலையில் விழுந்த கல்லுக்கு எந்த இமாமும் ஃபத்வா கொடுத்ததில்லை. இதை ஒளிக்க வேண்டியதில்லை.

எனினும், நிகழ்ச்சியின் வேர் எது? காவல் நிலைய மரணம் பற்றிய குற்றச்சாட்டு. அடுத்து வந்த நாட்களில் மேடைகளிலும் சில ஏடுகளிலும் தொலைக்காட்சி விவாதங்களிலும் அந்த வேர் மெல்ல மெல்ல மறைந்தது. காணாமற்போன பெண் எந்த மதம், இறந்தவர் எந்த மதம், ஆம்பூரில் எந்த மதத்தார் பெரும்பான்மை, அவர்களுக்கு வெளியிலிருந்து தூண்டுதல் உண்டா என்ற கேள்விகள் மேலே வந்தன. அந்தப் பெண்ணோ பின்னர் உயிருடன் சென்னையில் கண்டுபிடிக்கப்பட்டார். ஐந்தாண்டு கழித்து, 2020 ஜூனில், சாத்தான்குளத்தில் ஜெயராஜ், பென்னிக்ஸ் என்னும் தந்தையும் மகனும் காவலர் தாக்கியதால் மாண்டபோது, நம் ஏடுகள் அதைக் காவல் வன்கொடுமை என்றே எழுதின. அவர்களின் சமயத்தை எவரும் கிளறவில்லை. நாடே அவர்களுக்காக வருந்தியது. ஏடுகளுக்குச் சரியாக எழுதத் தெரியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அங்கே கலவரம் நடக்கவில்லையே என்பார்கள். உண்மைதான். கலவரத்தைக் கலவரம் என்றும் மரணத்தை மரணம் என்றும் இரண்டையும் எழுதலாமே என்பதுதான் என் கேள்வி. ஆம்பூர்க் கலவர வழக்கில் திருப்பத்தூர் நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. குற்றம் சாட்டப்பட்டோரில் பெரும்பாலோர் விடுவிக்கப்பட்டனர். சிலர் தண்டனை பெற்றனர். பத்தாண்டுகள் வாய்தாவுக்கு வாய்தா நீதிமன்றப் படியேறிவிட்டுக் குற்றமற்றவர் என்று வீடு திரும்பிய ஷூ கம்பெனித் தொழிலாளியின் பெயர், எந்தத் தலைப்பிலும் இடம்பெறவில்லை.

முறையீட்டை மறந்து சூழ்ச்சியைத் தேடும் இந்த வழக்கம் நம் வட்டாரத்துக்குப் புதிதன்று. வேலூர்க் கோட்டையைக் கடந்து போகும்போதெல்லாம் எனக்கு 1806ஆம் ஆண்டு நினைவுக்கு வரும். புதிய தலைப்பாகையில் தோலால் ஆன குஞ்சம் வைத்ததும், நெற்றிக் குறிகளையும் தாடியையும் கட்டுப்படுத்தியதும் சிப்பாய்களை வருத்தின. (தோல் வணிகத்தால் பின்னாளில் பெயர் பெற்ற வட்டாரத்தில், ஒரு துண்டுத் தோலே கலகத்துக்குக் காரணமானது விந்தைதான்.) மே மாதத்திலேயே அவர்கள் மறுப்புத் தெரிவித்தார்கள். விடை என்ன? ஒரு முஸ்லிமுக்கும் ஓர் இந்துவுக்கும் தலா 900 கசையடித் தண்டனை. ஜூலை 10ஆம் நாள் விடியுமுன் கோட்டையில் கலகம் வெடித்தது. ஆங்கிலேயர் நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். ஆர்க்காட்டிலிருந்து கில்லெஸ்பி கொண்டுவந்த குதிரைப்படை சில மணி நேரத்துக்குள் சிப்பாய்களை நூற்றுக்கணக்கில் கொன்று குவித்தது. பின்னர் எழுதப்பட்ட அறிக்கைகளில் ஒரு சாரார் கோட்டையில் வாழ்ந்த திப்பு சுல்தானின் மைந்தர்கள்மேல் பழியைப் போட்டனர். ஊர் ஊராய்த் திரிந்த பக்கீர்கள் தூண்டினார்கள் என்றனர். இன்னொரு சாரார் பாதிரிமார்களைக் குறை கூறினர். கவர்னர் பெண்டிங்கும் தளபதி கிராடக்கும் திரும்ப அழைக்கப்பட்டார்கள் என்பது வேறு விஷயம். கசையடி பட்ட இருவரின் முறையீடு அந்த எழுத்துகளில் எவ்வளவு இடம் பெற்றது? அன்றைய பக்கீரின் இடத்தில் இன்று மதரஸா மாணவன் நிற்கிறான்.

ஹதீஸ் கலையில் ‘முத்ரஜ்’ என்று இன்னொரு வகை உண்டு. நபிமொழியினுள் அறிவிப்பாளர் தம் சொந்தச் சொல்லை நுழைத்துவிடுவது. சில சமயம் அது நல்லெண்ணத்தால், விளக்கத்துக்காக நேரும். கேட்பவர் அதையும் நபியவர்களின் சொல்லென்றே கொள்வர். அறிஞர்கள் வரிவரியாக அலசி, ‘இதுவரை மூலம், இது நுழைந்தது’ என்று பிரித்துக் காட்டினார்கள். 2020ஆம் ஆண்டின் கொரோனாச் செய்திகளை இக்கண்ணாடியால் பார்க்க வேண்டும். அவ்வாண்டு மார்ச் மாதத்தில் தில்லி நிஜாமுத்தீன் மர்கஸில் தப்லீக் ஜமாஅத்தின் கூட்டம் நடந்தது. நம் வட்டாரத்திலிருந்தும் பலர் சென்றிருந்தனர். பலருக்கு நோய் தொற்றியது, அதுவும் மெய். ஏப்ரல் 18ஆம் நாள் மத்திய அரசு, நாட்டில் அதுவரை நோய் கண்ட 14,378 பேரில் 4,291 பேர் அக்கூட்டத்துடன் தொடர்புடையவர்கள் என்று அறிவித்தது. எண் பொய்யன்று. ஆனால் பரிசோதனை வசதி மிகக் குறைவாயிருந்த அந்நாட்களில் மர்கஸ் சென்றவர்களையும் அவர்களோடு பழகியவர்களையும் தேடித்தேடிச் சோதித்தார்கள். தேடியவரிடம்தான் நோய் கிடைக்கும். எந்தத் தெருவில் விளக்குப் பிடித்தாலும் அந்தத் தெருவின் குப்பைதான் கண்ணில் படும். இவ்விளக்கம் எண்ணோடு சேர்ந்து வரவில்லை. மாறாக, எண்ணோடு சேர்ந்து நுழைந்த சொல் ஒன்றிருந்தது. தொலைக்காட்சிகளிலும் சமூக ஊடகங்களிலும் ‘கொரோனா ஜிஹாத்’ என்றார்கள். நோய் என்பது மூலம். ஜிஹாத் என்பது நுழைத்தது. நோயாளி ஒரே இரவில் தீவிரவாதியாகிவிட்டார்.

தமிழ்நாட்டுச் சுகாதாரத் துறையைப் பற்றி ஒரு நற்சொல் சொல்லவேண்டும். சில நாட்களிலேயே அது கூட்டத்தின் பெயரை விட்டு, ‘ஒரே தொற்று மூலம்’ என்று குறிப்பிடத் தொடங்கியது. சொல் மாறினால் போதுமா என்று அன்று ஏளனம் செய்தவர்களும் உண்டு. ஆனால் அந்த வாரங்களில் எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றுபவர் இரண்டு நாள் வராமல் நின்று, மூன்றாம் நாள் தயங்கித் தயங்கி வந்து, வாசற்படியில் பாத்திரத்தை வைத்துவிட்டு ஓடினார். முப்பது ஆண்டுகளாக எங்கள் வீட்டுப் பெருநாளுக்கு வந்துகொண்டிருந்தவர் அவர். தொலைக்காட்சியில் கண்டதை நம்பினார்; அவர் வேறென்ன செய்வார்? அரசாங்கத்தின் ஒரு சொல் அவரைப் போன்ற எத்தனை பேரைத் திரும்ப அழைத்து வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

பிறகு நீதிமன்றங்கள் பேசின. பம்பாய் உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் கிளை 2020 ஆகஸ்டில், வெளிநாட்டிலிருந்து வந்த ஜமாஅத்தினர்மேல் போடப்பட்ட வழக்குகளை ரத்து செய்தபோது, அவர்களுக்கு எதிராக ஏடுகளும் தொலைக்காட்சிகளும் பெரும் பிரசாரம் செய்ததைச் சுட்டியது; அவர்கள் பலியாடுகளாக்கப்பட்டிருக்கலாம் என்றும் கருதியது. அவ்வாண்டு டிசம்பரில் தில்லி நீதிமன்றம் வெளிநாட்டவர் 36 பேரை விடுவித்தது. அவர்களுக்கு இடமளித்ததாக வழக்கிற்குள்ளான இந்தியர் 70 பேர்மீதான வழக்குகளை 2025 ஜூலையில்தான் தில்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2020 ஏப்ரலில் முதற் பக்கத்தில் எட்டுப் பத்தித் தலைப்பாக வந்ததன் முடிவு, என் வீட்டுக்கு வரும் ஏட்டில் உள்பக்கத்தில் ஒற்றைப் பத்தியாக வந்தது. நான் அதைக் கத்தரித்து வைத்திருக்கிறேன். என் சுண்டுவிரல் நீளம் இருக்கிறது.

தவறு செய்யாத அறிவிப்பாளர் உலகில் இல்லை என்று ஹதீஸ் அறிஞர்களும் அறிந்தே இருந்தார்கள். அவர்கள் கண்டிப்பு வேறோரிடத்தில். தம் தவறு எடுத்துக்காட்டப்பட்ட பிறகும் அதிலிருந்து திரும்பாமல் அடம்பிடிப்பவரின் அறிவிப்புகள் அனைத்தும் விழுந்துவிடும் என்று இப்னுல் முபாரக், அஹ்மத் இப்னு ஹன்பல் போன்ற இமாம்களின் கருத்தை இப்னுஸ் ஸலாஹ் தம் ‘முகத்திமா’வில் எடுத்துரைக்கிறார். இவ்வளவுகோலை எடுத்துக்கொண்டு நம் காலத்துச் செய்தி நிறுவனங்களின் வாசலில் போய் நின்றால் எத்தனை கடைகள் திறந்திருக்கும்?

கடல் கடந்தும் இதே கதைதான். இலங்கையில் 2019 ஏப்ரல் 21ஆம் நாள், ஈஸ்டர் ஞாயிறன்று, தேவாலயங்களிலும் விடுதிகளிலும் தற்கொலைக் குண்டுகள் வெடித்து 250க்கு மேற்பட்டோர் மாண்டனர். செய்தவர்கள் முஸ்லிம் பெயர் தாங்கியவர்கள். மார்க்கத்தின் பெயரைச் சொல்லியே செய்தார்கள். அதை அப்படியே எழுதிய ஏடுகள்மேல் நமக்கு வழக்கில்லை. ஆனால் ஒரு மாதம் கழித்துச் சிங்கள நாளேடொன்று, மருத்துவர் ஒருவர் ஆயிரக்கணக்கான சிங்களத் தாய்மார்களுக்கு அவர்கள் அறியாமல் கருத்தடை செய்தார் என்று பெயரில்லாத மூலத்தை வைத்து முதற்பக்கத்தில் எழுதியது. மறுநாள் குருநாகல் மருத்துவர் ஷாஃபி ஷிஹாப்தீன் கைதானார். குற்றப் புலனாய்வுத் துறை ஆதாரமில்லை என்று நீதிமன்றத்தில் கூறிய பிறகும் அவர் பணிக்குத் திரும்பப் பல ஆண்டுகள் பிடித்தன. இடைநிறுத்தக் காலத்துச் சம்பள பாக்கி கிடைத்தபோது, நாடு மருந்துக்கு வழியின்றித் தவித்த 2022ஆம் ஆண்டில், அதை மருந்து வாங்குவதற்கே அவர் அன்பளித்தார். ஒரு முப்ஹம் அறிவிப்பு ஒரு மனிதருக்கு என்ன செய்யும் என்பதற்கு என் மாணவர்களிடம் இதைத்தான் சொல்வது வழக்கம்.

இனி, சொற்களைப் பற்றிச் சிறிது. ‘ஜிஹாத்’ என்பதன் வேர் முயற்சியைக் குறிக்கும். அதில் ஆயுதப் போரும் அடங்கும் என்பதை மறைத்து, ‘உள்ளத்தோடு போராடுவது மட்டுமே’ என்று மேடையில் மெழுகுபவர்களோடு நான் உடன்படுவதில்லை. ஃபிக்ஹு நூல்களில் அதற்குத் தனி அத்தியாயமே உண்டு. யார் அறிவிக்க வேண்டும், யாரைக் கொல்லக் கூடாது என்ற நிபந்தனைகளோடு உண்டு. கடைத்தெருவில் குண்டு வைப்பவனுக்கு அங்கே இடமில்லை. அவனுக்குரிய சொல் ‘ஹிராபா’, வழிப்பறிக் கொள்ளையும் கொலையும் செய்து அச்சத்தைப் பரப்புதல். ‘தாலிபான்’ என்றால் மாணவர்கள். நானும் என் பக்கத்துத் தெரு ஹாஃபிழும் ஒரு காலத்தில் ‘தாலிப்’களே. மொழியறிந்தவர் சிரிக்கலாம். ஆனால் வேலை தேடிப் பெங்களூர் போன என் மாணவர் ஒருவரிடம், வாடகை வீட்டுக்காரர் ‘மதரஸாவில் என்ன கற்றுக் கொடுப்பார்கள்?’ என்று கேட்டுவிட்டு, முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தாராம். அவர் கற்றது வாரிசுரிமைக் கணக்கும் அரபு இலக்கணமும் என்று சொல்லி விளங்கவைக்க நேரமில்லை. 19ஆம் நூற்றாண்டிலிருந்து வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தும், 1924 முதல் உமராபாத் ஜாமிஆ தாருஸ்ஸலாமும் கற்றுக் கொடுப்பது என்னவென்று அங்கேயே வந்து பார்த்து எழுதிய செய்தியாளர் எத்தனை பேர்? பேருந்துக் கட்டணம் அதிகமில்லை.

தீவிரத்தைப் பற்றி எழுதுவதற்கு நம் மரபிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. ஹிஜ்ரி 40இல் கலீஃபா அலீ (ரலி) அவர்களைக் கூஃபாவில் வெட்டிய இப்னு முல்ஜம் ஒரு காரிஜி. அக்கூட்டத்தாரை நம் வரலாற்றாசிரியர்கள் எப்படி எழுதினார்கள்? அவர்கள் இரவெல்லாம் தொழுததையும் குர்ஆன் ஓதியதையும் மறைக்கவில்லை. ஓதியதனால் அவர்கள் சிந்திய இரத்தத்தை மன்னிக்கவுமில்லை. இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் சென்று வாதிட்டதையும், அவர்களில் பெருந்தொகையினர் மனம் மாறித் திரும்பியதையும் எழுதினார்கள். இமாம் புகாரீ அவர்களோ, இம்ரான் இப்னு ஹித்தான் என்னும் காரிஜியின் வழியாகவே ஓர் அறிவிப்பை ஏற்றுத் தம் நூலில் சேர்த்திருக்கிறார்கள். கொள்கை கோணலாயினும் வாய் பொய் சொல்லாது என்று கண்டதனால். பகைவனிடமும் உண்மையைத் தனியே பிரித்தெடுக்கும் இந்தப் பழக்கம் எவ்வளவு அரிது!

இவ்வளவும் எழுதியபின் நம் பக்கம் திரும்பாமல் இருக்க முடியாது. தோலை வாங்குபவர் மேல்புறத்தை மட்டும் பார்ப்பதில்லை. புரட்டிச் சதைப்புறத்தையும் வெளிச்சத்தில் பார்த்த பிறகே தரம் பிரிப்பார்.

கோயம்புத்தூரை எடுத்துக்கொள்வோம். 1997 நவம்பர் இறுதியில் காவலர் செல்வராஜ் முஸ்லிம் இளைஞர்களால் குத்திக் கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் முஸ்லிம்கள் 18 பேர் மாண்டனர், கடைகள் சூறையாடப்பட்டன. 1998 பிப்ரவரி 14ஆம் நாள் நகரின் பல இடங்களில் குண்டுகள் வெடித்து 58 பேர் மாண்டனர். ஒன்பதாண்டுகளுக்கு மேல் சிறையில் கிடந்த அப்துல் நாசர் மஅதனி 2007 ஆகஸ்டில் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டார். மற்றும் பலர் தண்டிக்கப்பட்டனர். இதுதான் முழுச் செய்தி. பொது ஏடுகள் ஆண்டுதோறும் பிப்ரவரியை நினைவு கூர்கின்றன. நவம்பர் அவற்றுக்கு மறந்துபோயிற்று. நம் சமுதாய ஏடுகளைப் புரட்டுங்கள்: நவம்பர் இறுதியின் கலவரம் பக்கம் பக்கமாக இருக்கும், அதற்கு முன் விழுந்த காவலரின் உடல் அரை வரியில் இருக்கும், பிப்ரவரியின் 58 உயிர்கள் ‘அதன் விளைவாக’ என்ற ஒரு சொல்லுக்குள் அடக்கப்பட்டிருக்கும். நபிமொழியைச் சுருக்கி அறிவிக்கலாமா என்று ஆராய்ந்த அறிஞர்கள், விட்ட பகுதி சொன்ன பகுதியின் பொருளை மாற்றுமானால் அச்சுருக்கம் கூடாது என்றார்கள். இருதரப்பு ஏடுகளும் செய்வது இந்தக் கூடாத சுருக்கமே. 2013 ஜூலையில் வேலூரில் இந்து முன்னணியின் வெள்ளையப்பன் படுகொலை செய்யப்பட்டபோது, நம்மவர் இதழ்களில் அந்த மனிதரின் இல்லத்தார் அழுகையை எழுதிய பக்கம் ஒன்றை நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு ஒரு வழக்கம் ஏற்பட்டது. வாரத்தில் ஒரு நாள், பாடத்தின் கடைசி இருபது நிமிடம், மாணவர்கள் கொண்டுவரும் செய்திகளை நுக்பாவின் அளவுகோல்களால் அலசுவோம். முப்ஹம் எங்கே, முத்ரஜ் எங்கே, எது சுருக்கப்பட்டது என்று சிவப்பு மையால் கோடிடுவார்கள். முதலிரு வாரங்கள் அவர்களுக்கு ஒரே உற்சாகம். ஆங்கில ஏடுகளும் தமிழ் ஏடுகளும் சிவப்பாயின. மூன்றாம் வாரம் அதே பேர்ணாம்பட்டு மாணவர் வேறொரு துண்டைக் கொண்டுவந்தார். 2015இல் ஆம்பூர் நிகழ்ச்சி பற்றிச் சமுதாய இதழொன்றில் வந்த கட்டுரை. ‘நேரில் கண்ட ஒருவர் கூறினார்’ என்றிருந்த இடத்தைக் கோடிட்டிருந்தார். காயம்பட்ட காவலர்களைப் பற்றி ஒரு வரியும் இல்லாததை ஓரத்தில் குறித்திருந்தார். கட்டுரையின் கீழே இருந்த பெயர் என்னுடையது.

“தம்பி, அந்த ஒருவர் யாரென்று எனக்கே இப்போது நினைவில்லை” என்றேன். அவர் தலை குனிந்தவாறு, “அப்படியானால் முப்ஹம் என்று எழுதிவிடட்டுமா ஹஜ்ரத்?” என்று கேட்டார். எழுதச் சொன்னேன்.